வாசகர் கேள்விகள்: இருட்டில் உட்கார்ந்திருந்த அப்பா

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது என் பிள்ளைப் பருவத்து இரவு ஒன்றைக் குறிப்பிட்டிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு 9 வயது. நடுச்சாமத்தில் தாகம் எடுத்து எழுந்து வந்தபோது, கூடத்தில் விளக்கில்லாமல், மடித்த காகிதம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேட்டேன். “போய்ப் படு” என்று அதட்டினார். ஏதோ கெட்ட சேதி தாங்கிய கடிதம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அதட்டலை மட்டும் மறக்கவில்லை. 34 ஆண்டுகள் கழித்து, மருத்துவப் பரிசோதனை முடிவு ஒன்றை வைத்துக்கொண்டு நான் தூங்காமல் உட்கார்ந்திருந்த இரவில், என் மகள் வந்து தண்ணீர் கேட்டபோது, அதே இரண்டு சொற்கள் அதே குரலில் என் வாயிலிருந்து வந்தன. அன்று எனக்கு 43 வயது. அந்தப் பழைய இரவில் அப்பாவுக்கு 36. அவர் 51 வயதில் காலமானார், எனக்கு இப்போது 67 ஆகிறது, ஆகவே நான் என் அப்பாவுக்கு மூத்தவன் என்று அந்தப் பதிலை முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு நீங்கள் மூத்தவர் என்பதைச் சொல் விளையாட்டாக எடுத்துக்கொள்வதா, உண்மையிலேயே அப்படி உணர்கிறீர்களா?

கணக்காகத் தொடங்கியது, உணர்வாக மாற நெடுநாள் ஆயிற்று. எங்கள் வீட்டில் கதவுச் சட்டத்தை ஒட்டி எங்களை நிற்கவைத்து, தலைமேல் அடிக்கோலைப் படுக்கையாக வைத்து, அப்பா பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுவார். குதிகால் தரையில் படிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் கோடு விழும். எக்கி நின்று ஏமாற்ற முடியாது. என் 9 வயதுக் கோடு இப்போது என் மார்புக்கும் கீழே இருக்கிறது. அந்த இரவில் நான் பார்த்த அப்பா, அந்தக் கோட்டின் உயரத்திலிருந்து பார்க்கப்பட்டவர். நான் வளர்ந்தேன், மணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன். ஆனால் அந்த இரவைப் பற்றிய நினைவு மட்டும் வளராமல் அதே கோட்டில் நின்றபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்ப்பவனுக்கு எதிரே இருப்பவரின் முகவாய்தான் பெரிதாகத் தெரியும், கண் தெரியாது.

நமக்கு வயது ஏறும்போது நம் பெற்றோருடைய வயது, நினைவில், இறங்கிக்கொண்டே வருகிறது என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 36 வயது என்பது என் மகளுடைய இன்றைய வயதுக்குக் கிட்டத்தட்டச் சமம். அந்த வயதுக்காரர் ஒருவர் நள்ளிரவில் தனியாக உட்கார்ந்திருப்பதை இன்று நான் பார்த்தால், என்னப்பா, தூக்கம் வரவில்லையா என்று கேட்டு அருகில் உட்காரத் தோன்றுமே தவிர, கோபம் எப்படி வரும்? அப்பாவை மன்னித்தேன் என்று சொல்வது மிகை. மன்னிப்பதற்கு என்ன இருந்தது என்று தேடினேன், எதுவும் அகப்படவில்லை என்பதுதான் சரி.

கேள்வி: சிறு வயதில் நடந்த ஒரே நிகழ்ச்சியை நான் ஒரு விதமாகச் சொல்கிறேன், என் தம்பி நேர்மாறாகச் சொல்கிறான். இருவருமே பொய் சொல்லவில்லை. நினைவை நம்பித்தான் ஆக வேண்டுமா?

நம்பலாம், ஆனால் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது. ஃப்ரெடரிக் பார்ட்லெட் என்னும் பிரிட்டிஷ் உளவியலாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பூர்வகுடியினரின் நாட்டுப்புறக் கதையொன்றை ஆங்கிலேயர்களைப் படிக்கச் செய்து, சிறிது காலம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். பழக்கமில்லாத பகுதிகள் உதிர்ந்துபோயின; தோணி சாதாரணப் படகாயிற்று; புரியாத இடங்களுக்குப் புரியும்படியான காரணங்கள் முளைத்தன. சொன்னவர்கள் யாரும் வேண்டுமென்றே மாற்றவில்லை. நினைவு என்பது பெட்டியில் வைத்துப் பூட்டிய பொருள் அல்ல, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதிதாகக் கட்டப்படுவது என்பதே அவர் கண்ட முடிவு. பின்வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அந்த வழியிலேயே சென்றிருக்கின்றன.

இதை நான் நூலறிவாகவே வைத்திருந்தேன், சென்ற மாதம் வரையில். இதழை என் அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். படித்த அன்றே தொலைபேசியில் அழைத்தார். “டேய், அப்பா அப்புறம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாரே, அதை ஏன் எழுதாமல் விட்டுவிட்டாய்?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கு அப்போது 12 வயது, எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். நான் வந்து படுத்த சிறிது நேரத்தில் அப்பா டம்ளருடன் வந்தாராம். இருட்டில் தடவி என்னை எழுப்பிக் குடிக்கவைத்தாராம். பாதித் தண்ணீர் அக்காவின் தலையணையில் கொட்டிவிட்டதாம். அக்காவுக்கு அது மறக்காமல் இருப்பதற்குக் காரணம் அப்பாவின் அன்பு அல்ல, விடிய விடிய ஈரமாக இருந்த தலையணை.

அந்தத் தண்ணீர் எனக்கு இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் டம்ளரின் குளிர்ச்சியோ அப்பாவின் கையோ வருவதில்லை. தாகத்தை 58 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தவன் தண்ணீரை அன்றைக்கே தொலைத்திருக்கிறேன். உங்கள் தம்பி சொல்வதை, எது சரி என்று தீர்ப்பதற்காக அல்லாமல், உங்களிடம் இல்லாத பாதி அவரிடம் இருக்கக்கூடும் என்பதற்காகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பள்ளி நாள்களில் ஓர் ஆண்டு முடிவதற்கு ஒரு யுகம் ஆகும். இப்போது 61 வயதில், புது நாள்காட்டி மாட்டிய கையோடு கழற்றுவது போல் இருக்கிறது. ஏன்?

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் போல் ழானே 1877இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். 10 வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது அதுவரை வாழ்ந்ததில் பத்தில் ஒரு பங்கு. 60 வயதுக்காரருக்கு அறுபதில் ஒரு பங்கு. ஆகவே சிறியதாகத் தோன்றுகிறது. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் இதை எடுத்துக்காட்டிவிட்டு, இது நிலைமையை வருணிக்கிறதே தவிர விளக்கவில்லை என்றார். ஒரு நாளைப் போலவே மறுநாளும் இருப்பதால், திரும்பிப் பார்க்கும்போது பிடித்துக்கொள்ளக் கணு எதுவும் இல்லாமல் ஆண்டு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரை நடந்தவையே மிகுதியாக வருகின்றன என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் கண்டதும் இதனோடு பொருந்துகிறது. முதல் முறையாக நடப்பவை பெரும்பாலும் அந்த இருபது ஆண்டுகளுக்குள் நடந்துவிடுகின்றன.

புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்வதை நானும் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் அனுபவத்தில் 60ஆம் வயதில் நீச்சல் பழகிய மூன்று மாதங்கள்தான் அந்தப் பத்தாண்டில் நீளமானவை. மூக்கில் நீர் ஏறிக் கண் எரிந்த நாள், என்னைவிட ஐம்பது வயது இளையவன் ஒருவன் “தாத்தா, காலை உதைங்க” என்று கத்திய நாள், பிடித்திருந்த கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டு உடம்பு மிதந்த நாள் எல்லாம் தனித்தனியாக நினைவிருக்கின்றன. அதற்கு முந்திய ஆண்டில் என்ன செய்தேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 82 வயது. சிறுமியாக இருந்தபோது வீட்டுக்குத் தெரியாமல் சைக்கிள் ஓட்டப் பழகிய கதையையே வாரத்துக்கு நான்கு முறை சொல்கிறார். இது மறதி நோயா? பழையதிலேயே ஊறிக் கிடப்பது ஆன்மிகத்துக்கு நல்லதா?

முதலில் மருத்துவம். சற்று முன் கேட்ட கேள்வியை உடனேயே மறுபடி கேட்பது, பழகிய வழியில் தடுமாறுவது, அன்றாட வேலைகளின் வரிசை குழம்புவது, நெருங்கியவரின் பெயர் அடிக்கடி நழுவுவது போன்றவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வயதானால் அப்படித்தான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இவை எதுவும் இல்லாமல், பிடித்த கதையைத் திரும்பச் சொல்வது மட்டும்தான் என்றால் அது வேறு.

முதியவர்கள் பழங்கதை பேசுவதையே மூளைத் தளர்ச்சியின் அறிகுறியாக மருத்துவ உலகம் கருதிவந்த காலத்தில், ராபர்ட் பட்லர் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். முடிவு நெருங்குவதை உள்ளம் அறியும்போது, வாழ்ந்த வாழ்க்கையை எடுத்துப் பார்த்து, தீராத கணக்குகளைத் தீர்க்க முயல்வது மனிதருக்கு இயல்பு. அது நோயன்று, முதுமைக்கு உரிய வேலை என்று வாதிட்டார். அந்த வேலை எல்லோருக்கும் அமைதியில்தான் முடியும் என்று அவர் சொல்லவில்லை. சிலருக்கு அது குற்றவுணர்விலும் கசப்பிலும் கொண்டுபோய் விடக்கூடும் என்பதையும் எழுதினார்.

நம் மொழியில் இந்த வேலையைச் செய்து காட்டியவர் புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடிய முதியவர். இயற்பெயர்கூட எஞ்சவில்லை, பாட்டில் அவர் ஊன்றியிருந்த தடியே பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்குகிறோம். ஈரமணலில் பாவை செய்து பூச்சூட்டியது, ஒளிவுமறைவு அறியாத கூட்டாளிகளோடு கைகோத்து ஆடியது, நீரை நோக்கித் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறியது, கரையில் நிற்பவர்கள் திகைக்க ஆழமான மடுவில் ‘துடும்’ எனப் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்து காட்டியது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். தடி ஊன்றி நடுங்குவதும் இருமலுக்கு நடுவே சில சொற்கள் மட்டும் வருவதும் கடைசி மூன்று அடிகளில்தான் நமக்குத் தெரிய வருகின்றன. மூச்சு விட்டுப் பேச முடியாதவர் இத்தனை நேரம் மூச்சடக்கி முங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு எல்லாம் மூத்துவிட்டன, அந்தத் ‘துடும்’ மட்டும் மூக்கவில்லை. உங்கள் அம்மாவின் சைக்கிளும் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

கதை தொடங்கியதும், இதைத்தான் நூறு தடவை சொல்லியாயிற்றே என்று வெட்டாமல், இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். யாருடைய சைக்கிள்? விழுந்து காயம் பட்டபோது வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தார்? பார்த்துவிட்டும் காட்டிக்கொடுக்காமல் இருந்தவர் யார்? திரும்பத் திரும்பச் சொல்பவர்கள், யாராவது அடுத்த கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆன்மிகத்தைக் கேட்டீர்கள். பெற்றோர் முதுமை அடைந்தால் அவர்களிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்ல வேண்டாம் என்று திருக்குர்ஆன் 17ஆம் அத்தியாயத்தில் சொல்லிவிட்டு, சிறு வயதில் இவர்கள் என்னை வளர்த்ததுபோல் இவர்கள்மீது இரக்கம் காட்டுவாயாக என்று பிரார்த்திக்கக் கற்றுக்கொடுக்கிறது. பிள்ளையின் பிள்ளைப் பருவத்தையும் பெற்றோரின் முதுமையையும் ஒரே வேண்டுதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த வரி அது. சலிப்பு வரும்போது, நீங்கள் ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள், அவர் எத்தனை முறை பதில் சொல்லியிருப்பார் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

கேள்வி: எனக்கு 59 வயது. கண்ணாடியில் தெரியும் முகத்தை யாரோ என்று பார்க்கிறேன். உள்ளே இன்னும் 20தான். இது பக்குவமின்மையா?

பலருக்கும் உள்ளதுதான், உங்களுக்குக் கொஞ்சம் தாராளமாக இருக்கிறது. டென்மார்க்கில் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வில், 40 வயதைக் கடந்தவர்கள் சராசரியாகத் தங்கள் வயதைவிட 20 சதவீதம் குறைவாக உணர்வது தெரியவந்தது. அந்தக் கணக்குப்படி உங்களுக்கு 47 வாய்த்திருக்க வேண்டும்.

இதையே வேறு பக்கமாகவும் பார்க்கலாம். 1896இல் மதுரையில் 16 வயதுப் பையன் ஒருவன், பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்டவர், திடீரென்று வந்த மரண பயத்தில் ஓடி ஒளியாமல், பிணம்போல் படுத்துக்கொண்டு, இந்த உடம்பு செத்துவிட்டால் ‘நான்’ செத்துவிட்டேனா என்று உள்ளே கேட்டுப் பார்த்தான். அவன் கண்டது நமக்குக் கிடைக்குமா என்பது இருக்கட்டும். கண்ணாடிக்கு முன்னால் நின்று யாரோ என்று நினைக்கும்போது, முகத்தைப் பற்றிக் கவலைப்படுவதோடு நிறுத்திவிடாமல், அதைப் பார்த்து வியப்பவர் யார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கலாமே. எனக்கு அந்தக் கணம் வாய்த்ததெல்லாம் பெரும்பாலும் முகம் மழிக்கும்போதுதான். சோப்பு நுரை உலர்ந்துவிடுமே என்ற அவசரத்தில் கலைந்தும்விடும்.

கேள்வி: இளமையில் கடவுளைத் திரும்பியும் பார்க்காதவர்கள், வயதானதும் பக்தர்களாகிவிடுவது பயத்தால்தானே?

ஓரளவு பயம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் பயத்தால் வந்தது தாழ்வானது என்னும் முடிவுக்கு ஏன் போக வேண்டும்? பசியால் சமைக்கக் கற்றுக்கொண்டவனின் சமையல் மட்டமாகவா இருக்கும்? விவிலியத்தின் 71ஆம் சங்கீதத்தில் ஒருவர், முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாதேயும், என் பெலன் ஒடுங்கும்போது கைவிடாதேயும் என்று வெட்கமில்லாமல் கேட்கிறார். அதே மூச்சில், சிறு வயது முதல் எனக்குக் கற்றுக்கொடுத்து வந்தவர் நீர்தானே என்று பழைய உறவையும் எடுத்துச் சொல்கிறார். பயமும் உரிமையும் சேர்ந்து வருகின்றன. தாயின் புடவையைப் பிடித்து இழுக்கும் பிள்ளையிடம் இரண்டையும் பிரிக்க முடியாததுபோல.

என்னைப் பொறுத்தவரை, 20 வயதில் என் பிரார்த்தனை விண்ணப்பப் படிவமாக இருந்தது: வேலை, மதிப்பெண், இன்னாருடைய கண்பார்வை. இப்போது கேட்பதற்கு அதிகம் இல்லாததால் பிரார்த்தனை நேரம் நினைவுகளால் நிரம்பிவிடுகிறது. தியானம் கலைகிறதே என்று முதலில் வருந்தினேன். பிறகு, புனித அகஸ்டின் தம் நாற்பதுகளில் கடவுளைத் தேடித் தம் நினைவின் பெரிய மாளிகைகளுக்குள் போனதாகவும், அங்கே தம்மையே எதிர்கொண்டதாகவும் எழுதியிருப்பதைப் படித்தேன். அதற்குப் பின் நினைவுகளை விரட்டுவதில்லை. யார் வருகிறார்களோ அவர்கள் வரட்டும். வருபவர்களில் பலர் நான் ஒரு காலத்தில் முகம் கொடுக்காமல் போனவர்கள் என்பதைத்தான் கவனித்திருக்கிறேன்.

கேள்வி: குழந்தைக்குப் பருவம் பருவமாகப் பெயர் வைத்த தமிழ், முதுமைக்கு ஏன் வைக்கவில்லை?

நல்ல கேள்வி. பிள்ளைத்தமிழ் குழந்தையின் 3ஆம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரையிலான காலத்தைப் பத்துப் பருவமாக்கிப் பாடுகிறது. பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பெயர்கள் உண்டு. பேரிளம்பெண் 40 வயதோடு முடிந்துவிடுகிறாள், அப்புறம் இலக்கண நூலார் அவளைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அன்றாடப் பேச்சு ஈடு செய்துவிட்டது: வயது ஏறுகிறது என்கிறோம், வயது போய்விட்டது என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றித்தான்.

கேள்வி: எனக்கு 24 வயது. வளர்ந்துவிட்டோம் என்பது எப்போது தெரியும்?

எனக்கு 43 வயதில் ஒரு முறை தெரிந்தது. சென்ற மாதம் அக்கா தொலைபேசியில் பேசியபோது இன்னொரு முறை. அவசரப்படாதீர்கள்.

கேள்வி: உங்கள் அப்பாவின் மடியில் இருந்த கடிதத்தில் என்ன இருந்தது? அம்மாவிடம் கேட்கவில்லையா?

கேட்டேன், மிகத் தாமதமாக, அம்மாவுக்கு 78 வயது ஆனபோது. ஏதோ பெரிய துயரம் வெளிப்படப்போகிறது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டேன். “கடிதமா? உன் அப்பாவுக்கு யார்டா கடிதம் போடப்போகிறார்கள்?” என்று சிரித்தார். மாதக் கடைசியாக இருந்திருக்கும், வீட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருப்பார், இடித்திருக்கும், அவ்வளவுதான் என்றார். விளக்கே இல்லையே அம்மா, இருட்டில் யாராவது கணக்கு எழுதுவார்களா என்றேன்.

“எழுதி முடித்ததும் அணைத்துவிடுவார். யோசனை பண்ண வெளிச்சம் எதற்கு? வெளிச்சம் இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் முழித்துக்கொள்வீர்கள் என்பார்” என்று சொல்லிவிட்டு, அம்மா தம் மூக்குக்கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.